மாடு தின்னும் மழை

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். மேற்கே, மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வருபவர். அவர் வீட்டில் இருந்த இரண்டு கறவை மாடுகளையும் முந்தைய வாரம் விற்றுவிட்டார்களாம். "கிணற்றிலே மாடு குடிக்கத் தண்ணீர் இருந்தது சார். அப்புறம் ஏன் விற்க வேண்டி வந்தது?" என்று கேட்டார்.

தீவன விலை ஏறிவிட்டது என்று அப்போதைக்கு ஏதோ சொல்லி அனுப்பினேன். அது முழு விடை அன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது. அவர் கேட்ட கேள்வி உண்மையில் ஓர் இயற்பியல் கணக்கு. அந்தக் கணக்கை உங்களுடன் சேர்ந்து போட்டுப் பார்க்கவே இக்கட்டுரை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மலைக்கு அப்பால் பெய்யும் மழை

ஆனி, ஆடி மாதங்களில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் மேற்கே பார்த்திருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சி முழுவதும் கார்மேகம் மூடியிருக்கும். சாலையோரத்திலோ புழுதி பறக்கும். மேகம் கண்ணெதிரே இருந்தும் மழை நமக்கு ஏன் வருவதில்லை?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வருகிறது. கேரளக் கரையில் அதன் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். மலை குறுக்கிடுவதால் காற்று மேலே ஏற வேண்டியிருக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும் காற்று குளிரும். இந்தக் குளிர்ச்சி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி ஆகும். ஆகவே 500 மீட்டர் ஏறியதும் வெப்பநிலை 23 டிகிரியாகிவிடும். அந்த நிலையில் காற்றிலுள்ள நீராவி தெவிட்டு நிலையை அடைந்து மேகமாகத் திரளத் தொடங்குகிறது என வைத்துக்கொள்வோம்.

இனிமேல் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நீராவி நீர்த்துளியாகும்போது தன் உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் காற்று மேலும் ஏறினாலும் முன்போல் விரைவாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்குச் சுமார் 5 டிகிரிதான் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் உச்சியை அடையும்போது வெப்பநிலை 18 டிகிரி. வழியெல்லாம் நீர்த்துளிகள் மழையாகக் கொட்டிவிட்டன.

இப்போது காற்று நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுவதால் சூடேறும். மேகம் இல்லாததால் கிலோமீட்டருக்கு முழுமையாக 10 டிகிரி ஏறும். நம் ஊர்களின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர். 1,350 மீட்டர் இறங்கும் காற்று 13.5 டிகிரி சூடேறி, 31.5 டிகிரியாக வந்து சேருகிறது. 28 டிகிரியில் ஈரமாகப் புறப்பட்ட காற்று, 31.5 டிகிரியில் உலர்ந்த காற்றாக நம் வயலில் வீசுகிறது! மழை தராதது மட்டுமல்ல, மண்ணில் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகிறது.

மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இப்பால் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுச் சராசரி சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதிலும் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையாக வருவது. ஆகவே நம் பகுதியின் மானாவாரி உழவனுக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதங்கள் அன்று, மூன்று மாதங்களே. அந்த மூன்று மாதங்கள் பொய்த்தால் ஆண்டே பொய்த்துவிடும்.

2016இல் அதுதான் நடந்தது. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் இயல்பு மழை சுமார் 440 மில்லிமீட்டர். அந்த ஆண்டு பெய்தது 168 மில்லிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. 2017 சனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அந்த மாணவரின் மாடுகள் விற்கப்பட்டதும் அப்போதுதான்.

ஒரு மில்லிமீட்டர் என்பது எவ்வளவு?

மழையின் அளவை மில்லிமீட்டரில் கேட்டால் அது மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கருக்கு 4,000 லிட்டர் நீரைத் தருகிறது.

இந்த நீர் எங்கெல்லாம் போகிறது? ஒரு பகுதி ஓடையில் ஓடிக் கண்மாய்க்குப் போகும். ஒரு பகுதி ஆழத்தில் இறங்கிக் கிணற்றுக்கு ஊற்றாகும். ஒரு பகுதி மேல்மண்ணிலிருந்தே ஆவியாகிவிடும். எஞ்சிய பகுதியை மட்டுமே பயிரின் வேர் உறிஞ்சும்.

ஆவியாவதைச் சற்றுக் கவனிப்போம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. நல்ல கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் விழும் சூரிய ஆற்றல் சுமார் 4,800 கிலோ கலோரி. அது முழுவதும் நீரை ஆவியாக்கவே பயன்பட்டால் ஒரே நாளில் 8 லிட்டர், அதாவது 8 மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். நம் பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகக்கூடிய அளவு 1,500 மில்லிமீட்டருக்கும் மேல். வானம் தருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை வெயில் கேட்கிறது!

ஆதலால் மழையின் மொத்த அளவைவிட அது பெய்யும் விதம் முக்கியம். வானிலைத் துறையினர் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாளையே 'மழை நாள்' என்று கணக்கிடுகின்றனர். அதற்குக் குறைந்த தூறல் மேல்மண்ணை நனைத்துவிட்டு மறுநாள் வெயிலில் மறைந்துவிடும். மறுபுறம், 2023 திசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 950 மில்லிமீட்டர் பெய்தது. ஓராண்டு மழை ஒரு நாளில்! மண் குடிக்கும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறிப் பெய்வது வெள்ளமாக ஓடிவிடும். அந்த நாளின் 950ஐச் சேர்த்துக் கணக்கிட்டுச் 'சராசரி மழை நன்றாக இருந்தது' என்று சொன்னால் எந்த மாட்டுக்கும் பசி தீராது.

மாடு குடிப்பதும் தின்பதும்

இனி மாட்டுக்கு வருவோம். 300 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் நீர் குடிக்கும். கறவை மாடாக இருந்தால் இன்னும் கூடும். அது தின்னும் தீவனத்தை உலர் எடையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 6 கிலோ. இந்த 6 கிலோ தீவனத்தை விளைவிக்க எவ்வளவு நீர் செலவாகியிருக்கும்?

செடி வளரக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே வாங்க இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். காற்றில் கரியமில வாயு இருப்பதோ நூற்றுக்கு 0.04 பங்குதான். திறந்த வாசல் வழியே ஒரு துளி வாயு உள்ளே வருவதற்குள், ஈரமான இலையிலிருந்து நூற்றுக்கணக்கான மடங்கு நீராவி வெளியேறிவிடுகிறது. இதை நீராவிப்போக்கு என்பர். வாசலை மூடினால் நீர் மிச்சமாகும், வளர்ச்சி நின்றுவிடும். செடிக்கு வேறு வழியில்லை.

1910களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஆக்ரான் என்னும் ஊரில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் தொட்டிகளில் செடிகளை வளர்த்து, எடை போட்டு எடை போட்டு இந்தச் செலவை அளந்தனர். ஒரு கிலோ உலர் பொருள் உண்டாகச் சோளம், சிறுதானிய வகைகளுக்குச் சுமார் 300 லிட்டர் நீர் தேவைப்பட்டது. கோதுமைக்கு 500 லிட்டர். குதிரைமசாலுக்கு 800 லிட்டருக்கும் மேல். நம் கரிசல் காட்டில் முன்னோர் கம்பும் சோளமும் விதைத்ததன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வோம். 6 கிலோவை 300 லிட்டரால் பெருக்கினால் 1,800 லிட்டர். மாடு குடிப்பது 40 லிட்டர். தின்பதோ 1,800 லிட்டர்! அதாவது குடிக்கும் நீரைப்போல் 45 மடங்கு நீரை மாடு தீவனமாகத் தின்கிறது. தொட்டியில் நாம் காண்பது மாட்டின் தாகத்தை மட்டுமே. அதன் பசிக்கு வேண்டிய நீர் வயலில் மழையாகப் பெய்திருக்க வேண்டும்.

மழை பாதி, விளைச்சல் பாதியா?

மழை பாதியானால் தீவனமும் பாதியாகும் என்றே நாம் நினைப்போம். அது சரியா? ஓர் ஏக்கர் மானாவாரிச் சோளத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல ஆண்டில் ஓடியது போக மண்ணில் தங்கியது 200 மில்லிமீட்டர் என்க. இதில் 80 மில்லிமீட்டர் மண்ணிலிருந்தே ஆவியாகிவிட்டது. பயிருக்குக் கிடைத்தது 120 மில்லிமீட்டர். அதாவது 4,80,000 லிட்டர். இதை 300ஆல் வகுத்தால் 1,600 கிலோ. இதில் 400 கிலோ தானியம் என்றால் 1,200 கிலோ சோளத்தட்டை. நாளுக்கு 6 கிலோ வீதம் ஒரு மாட்டுக்கு 200 நாள் தீவனம்.

வறட்சி ஆண்டில் மண்ணில் தங்கியது 100 மில்லிமீட்டர்தான். வெயில் தன் பங்கான 80ஐ முதலில் எடுத்துக்கொள்கிறது. பயிருக்கு எஞ்சுவது 20 மில்லிமீட்டர், 80,000 லிட்டர். விளைவது சுமார் 266 கிலோ. கதிர் பிடிக்காது, முழுவதும் தட்டை என்றே கொண்டாலும் 44 நாள் தீவனம்.

மழை பாதி, பயிர் வளர்ச்சியோ ஆறில் ஒரு பங்கு! உண்மை வயலில் அந்த 80 சற்றுக் குறையலாம். மண்ணுக்கு மண் மாறலாம். கரிசல் மண் செம்மணலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆயினும் போக்கு இதுதான். வெயில் வாங்கும் வரியை முதலில் கட்டிய பிறகே பயிருக்குப் பங்கு. மழை சிறிது குறைந்தாலும் தீவனம் பெரிதும் குறைவதன் காரணம் இதுவே.

இப்போது மாணவரின் கேள்விக்கு விடை கூறலாம். கிணற்று நீர் பழைய மழை. முந்தைய ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு பெய்து மெல்ல ஊறி இறங்கியது. புல்லோ புதிய மழை. இந்தப் பருவத்தில் பெய்தால்தான் உண்டு. வறட்சி மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் மேல்மண் காயும், பிறகு பயிர், பிறகு கண்மாய், கடைசியாகவே கிணறு. ஆகவே கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே தொழுவத்தில் தீவனம் தீர்ந்துவிடுகிறது. அவர் வீட்டின் இரண்டு மாடுகளுக்கும் குடிக்க நாளொன்றுக்கு 80 லிட்டர் போதும். அந்தக் கிணறு அதைக் கொடுத்தது. அவற்றின் தீவனத்தை அதே கிணற்று நீரைப் பாய்ச்சி விளைவிப்பதானால் நாளொன்றுக்கு 3,600 லிட்டர் வேண்டும். மண்ணில் ஆவியாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். வற்றிக்கொண்டிருந்த கிணறு அதற்கு எங்கே போகும்?

வண்டி ஏறாத வைக்கோல்

'இங்கே இல்லையென்றால் வெளியூரிலிருந்து வாங்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். இங்கும் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரு கன மீட்டர் இடத்தில் அரிசி 750 கிலோவுக்கு மேல் கொள்ளும். உதிரி வைக்கோலோ 50 கிலோ அளவே கொள்ளும். மனிதன் ஒருவனுக்கு நாளுக்கு அரைக் கிலோ அரிசி. மாட்டுக்கு 6 கிலோ வைக்கோல். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மாட்டின் ஒரு நாள் தீவனம் லாரியில் அடைக்கும் இடம், ஒரு மனிதனின் ஒரு நாள் அரிசி அடைக்கும் இடத்தைப்போல் 180 மடங்கு! அதனால்தான் அரிசிப் பஞ்சத்தை லாரியிலும் ரயிலிலும் தீர்ப்பதைப்போல் வைக்கோல் பஞ்சத்தைத் தீர்க்க முடிவதில்லை. கட்டுகளாக அழுத்திக் கட்டினால் நிலைமை சற்று மேம்படும். என்றாலும் வண்டி வாடகை வைக்கோல் விலையை விழுங்கிவிடும். 2017இல் அரசு தீவனக் கிடங்குகளைத் திறந்து சலுகை விலையில் வைக்கோல் வழங்கியதும் இதனால்தான்.

பக்கத்து ஊர்களிலும் அதே வறட்சி. எல்லாரும் ஒரே வாரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். வாங்குவோர் சிலர், விற்போர் பலர். விலை சரிகிறது. அடுத்த ஆண்டு மழை பெய்ததும் எல்லாரும் வாங்க வருவார்கள். அப்போது விலை ஏறியிருக்கும். கன்று வாங்கி வளர்த்தாலோ அது கறவைக்கு வரச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். ஒரு பருவ மழை பொய்த்ததன் விளைவை ஒரு குடும்பம் நான்கு ஆண்டு சுமக்கிறது. பால் பணம் நின்றால் பல வீடுகளில் முதலில் தடைப்படுவது படிப்புச் செலவு.

நகரத்தாருக்கும் இதில் தொடர்பு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். அதை அடுப்பில் வற்றவைத்த பிறகு எஞ்சும் திடப்பொருளே பால்கோவாவின் உயிர். அந்தத் திடப்பொருள் புல்லிலிருந்து வந்தது. புல் மழையிலிருந்து வந்தது.

மலையடிவாரத்து மாடு வளர்ப்போர்க்கு முன்பெல்லாம் ஒரு புகலிடம் இருந்தது. வறட்சிக் காலத்தில் மலைமாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச் செல்வார்கள். இந்த மலைக்காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடைகளை மேய்க்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஓடைகளுக்கு ஊற்றாக இருக்கும் காட்டைக் காப்பது தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் காட்டின் புல்லை நம்பியிருந்தவர்களுக்கு அதற்கு ஈடான தீவனம் வயலிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

படப்பும் ஒரு கண்மாய்

செய்யத் தக்கது என்ன? ஒரு கிலோ தட்டை என்பது 300 லிட்டர் மழையின் பயன் என்று கண்டோம். அப்படியானால் 1,000 கிலோ தட்டையை அடுக்கிய ஒரு படப்பு, 3,00,000 லிட்டர் மழையின் பயனைச் சேமித்து வைத்திருக்கிறது. கண்மாய் நீரைப்போல் அது வெயிலில் ஆவியாகிவிடாது. கூரையோ தார்ப்பாயோ போட்டு நனையாமல், கரையான் ஏறாமல் காத்தால் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும். நல்ல மழை ஆண்டில் வைக்கோலையும் தட்டையையும் வந்த விலைக்கு விற்காமல், வயலில் தீயிட்டுக் கொளுத்தாமல், மாடு ஒன்றுக்கு நான்கு மாதத் தீவனமாவது, அதாவது 700 கிலோ அளவுக்குச் சேர்த்து வைப்பதே வறட்சிக்கு முதல் காப்பு.

பச்சைத் தீவனம் மிகுந்திருந்தால் ஊறுகாய்ப் புல்லாக்கலாம். சோளத்தையோ மக்காச்சோளத்தையோ நறுக்கிக் குழியிலிட்டு, காற்றுப் புகாதபடி மிதித்து மூட வேண்டும். அதில் உண்டாகும் புளிப்பு அமிலம் தீவனம் கெடாமல் காக்கும். வெறும் வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடி வைத்துப் பதப்படுத்தினால் செரிமானமும் சத்தும் கூடும். யூரியாவை நேரடியாக மாட்டுக்குக் கொடுத்தால் அது நஞ்சு. ஆகவே கால்நடை மருத்துவரிடம் முறையைக் கேட்டறிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் ஐதரோசயனிக் அமிலம் உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். பசித்த மாடு அதில் வாய் வைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். கருகிய பயிரைப் பார்த்து 'மாடாவது தின்னட்டும்' என்று அவிழ்த்து விடுவது பெரும் ஆபத்து.

மாணவ நண்பர்களே! நேர் சுவருள்ள ஒரு தகர டப்பாவை எடுத்து, வரும் ஐப்பசியில் மொட்டைமாடியிலோ களத்திலோ திறந்த வெளியில் வையுங்கள். மழை நின்றதும் ஓர் அளவுகோலால் நீரின் ஆழத்தை அளந்து நாட்குறிப்பில் எழுதுங்கள். அதை 4,000ஆல் பெருக்கினால் உங்கள் ஏக்கருக்குக் கிடைத்த லிட்டர் தெரியும். மார்கழி முடிவில் கூட்டிப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் வீட்டுப் படப்பின் எடையையும், மாடுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். தீவனம் எந்த மாதம் தீரும் என்பது தையிலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், ஊரே சந்தைக்கு ஓடும் முன் ஒரு மாட்டை மட்டும் நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் மற்றதற்குத் தட்டை வாங்கலாம்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட மாணவருக்கு இந்தக் கணக்கைப் பிறகு கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "இது ஒரு மாதம் முன்னாடி தெரிந்திருந்தால் ஒன்றையாவது வைத்திருப்போம் சார்" என்றார். அந்த ஒரு மாதம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.